சுவரில் ஏறிய பொட்டு

தை மாதம் என் மனைவி காலமானாள். பங்குனியில் என் வலக்கை தோளுக்கு மேல் எழாமல் போயிற்று. பதுளையில் உடற்பயிற்சிச் சிகிச்சைக்குச் சென்றேன்.

அங்கே பசறைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்மணி ஒருவர், விரல்களை நகர்த்திக் கையைச் சுவரில் ஏற்றிக்கொண்டிருந்தார். எட்டிய உயரத்தில் தம் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டினார்.

"தோளைத் திருப்பி நெட்டி முறித்தால் விரைவில் குணமாகாதா?" என்று கேட்டேன்.

"அதையும் பாத்தேங்க ஐயா. சத்தம் நல்லாத்தான் கேட்டுச்சு. கூடையை மாட்டுனதும் வலி திரும்பிருச்சு. இது மெதுவாத்தான், ஆனா பொட்டு நாளுக்கு நாள் மேல போகுது பாருங்க. நீங்களும் வீட்ல செய்ங்க. வீட்டம்மாகிட்ட ஒரு பொட்டு வாங்கிக்குங்க."

"சரி" என்றேன்.

இன்னும் செய்யாதவை:
வீட்டில் பயிற்சி.
நிலைக்கண்ணாடியில் மனைவி ஒட்டிவைத்த பொட்டை எடுப்பது.
அந்தப் பெண்மணியின் பொட்டு எதுவரை ஏறியது என்று போய்ப் பார்ப்பது.