மேற்கிலிருந்து விட்ட காற்று

“மார்கழி 7. விடிந்தது முதல் மழை. குழாயின் நடுவில் வெளியேறும் காற்று 38 டிகிரி, உள்ளே வரும் காற்று 38. அதற்கப்பால் மாற்றமில்லை.” நாள்காட்டித் தாளின் பின்புறம் நான் எழுதிய குறிப்பு இது. முன்புறத்தில் அன்றைய இராகுகாலம் இருக்கிறது.

மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் என் மனைவி அப்பளம் போடுகிறாள். தொழிற்சாலை வேலையை விட்டபின் கிடைத்த முதல் பெரிய ஆர்டர். தங்காக்கில் ஒரு மளிகைக் கடைக்குப் பொங்கலுக்கு முன் சரக்குப் போயாக வேண்டும். முடியாவிட்டால் பழைய ஷிப்டுக்கே திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். வெயில் இல்லை. கேஸ் அடுப்பு வைத்த உலர் அறையில் ஈரக் காற்றை வெளியேற்றினால் சூடும் சேர்ந்து போய்விடும். அடைத்து வைத்தாலோ அப்பளம் பூசணம் பிடிக்கும்.

வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கலாம் என்று படித்திருந்தேன். சிங்கப்பூரில் ஏர்கான் வேலை பார்த்த அவளுடைய அண்ணன், சுவரோரம் நீண்ட தகரக் குழாயையும் அதனுள்ளே மெல்லிய அலுமினியக் குழாயையும் பொருத்தித் தந்தார். உள்குழாயில் சூடான ஈரக் காற்று. அதைச் சுற்றிப் புதுக் காற்று. காற்றுகள் கலப்பதில்லை, தகடு வழியே சூடு மட்டும் கைமாறும்.

ஆனால் மச்சான் வாஸ்து பார்ப்பவர். அறையின் சூட்டுக் காற்று கிழக்கு முனையில் குழாய்க்குள் நுழைந்தது. புதுக் காற்றும் கிழக்கிலிருந்துதான் வரவேண்டும் என்று அப்படியே அமைத்துவிட்டார். இரண்டும் ஒரே திசையில் ஓடி, பாதி வழியிலேயே சமச்சூட்டுக்கு வந்துவிட்டன. மீதிக் குழாய் வீண். அப்பளம் ஈரத்துணிபோல் வளைந்தது.

குறிப்பை அவளிடம் காட்டினேன்.

“ரெண்டும் சமமாயிடுச்சுன்னா அப்புறம் எது எதுக்குக் குடுக்கும்?” என்றாள்.

“அதனால்தான் புதுக் காத்தை மேற்கு முனையிலேருந்து விடணும்ங்கிறேன். எதிரும் புதிருமா ஓடட்டும்,” என்றேன்.

“அலமாக்! மேக்காலேருந்தா காத்த உள்ள விடுறது? வெளங்குமா மாப்ள?” என்றார் மச்சான்.

“அண்ணே, உங்க வீட்டு ஏர்கான் மேக்குச் செவுத்துலதானே மாட்டியிருக்கு?” என்று கேட்டாள் அவள்.

மச்சான் ஏணியைத் தேடினார். “ராகுகாலம் போகட்டும் லா,” என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை. அது கழிந்ததும் புதுக் காற்றைத் தள்ளும் விசிறியை மேற்கு முனைக்கு மாற்றி, வெளிக்குழாயின் கிழக்கு முனையை அறையோடு இணைத்தார்.

இப்போது சூட்டுக் காற்று ஆற ஆற, அதைவிடக் குளிர்ந்த காற்றே அதற்கு எதிரே வந்தது. குழாயின் கடைசிவரை கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. அதுவரை ஆவியாகப் போன ஈரம் மேற்கு முனையில் நீராகச் சொட்டியது. அறைக்குள் நுழைந்த காற்று 47 காட்டியது. வெளியே இன்னும் மழை.

“வாளி கொண்டாங்க, வாளி!” மழையையே தான் பிழிந்துவிட்டதுபோல் கத்தினார் மச்சான்.

மறுநாள் அவள் ஓர் அப்பளத்தை ஒடித்தாள். படக்! அந்தச் சத்தத்துக்கு மூவரும் கைதட்டினோம். பொங்கலுக்கு முன்பே பெட்டிகள் தங்காக் போய்ச் சேர்ந்தன. கடைக்காரர் மறுபடியும் கேட்டார். அவளுடைய தொழிற்சாலைச் சட்டை இப்போது குழாய் துடைக்கும் துணி.

ஒன்றை மட்டும் பதிவு செய்ய வேண்டும். இந்த எண்களெல்லாம் ஒரே சமையலறை வெப்பமானி காட்டியவை. அதை வேறொன்றோடு இதுவரை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அப்பளம் காய்ந்தது உறுதி. 47 என்பது இன்னும் சரிபார்க்கப்படாதது.