நீலத் தண்ணியும் சிறுகுறிஞ்சான் இலையும்

சிறுகுறிஞ்சான் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். இலையின் மேல் கோபமில்லை. அது பாட்டுக்கு வேலியில் படர்ந்து கிடந்தது. அதைப் பறித்து முந்தானையில் முடிந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தாளே ஒரு மகராசி, என் வீட்டுக்காரரின் அக்கா, அவள் மேல்தான் கோபம்.

அறுபதுகளின் கடைசி அது. கள்ளிக்குப்பத்தில் ஓட்டு வீடு எங்களுக்கு. என் மாமனார் காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்தில் எல்லோரும் வயலில் கூலி வேலை செய்தவர்கள். என் வீட்டுக்காரர்தான் முதன்முதலாக அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு அறுக்கிற கம்பெனிக்குப் போனார். வேலை மாறியதே தவிர தட்டு மாறவில்லை. நாளெல்லாம் சேற்றில் குனிந்து நிமிர்ந்த மனுஷன் தின்ற அதே குன்று போன்ற சோற்றை, மெஷின் முன்னால் நின்ற இடத்திலேயே நிற்கிற இவரும் தின்றார். கேட்டால், "கம்பெனிக்காரன்டி நானு" என்று மீசையைத் தடவுவார்.

ஒரு நாள் இரும்புச் சீவல் ஒன்று கால் கட்டைவிரலில் ஏறிவிட்டது. மஞ்சளை வைத்தோம், வேப்பிலையை வைத்தோம், ஆறவில்லை. ஆவடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் காலைப் பார்ப்பதற்கு முன்னால் சிறுநீரைக் கேட்டார். சர்க்கரை இருந்தது. அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை.

"ரத்தத்துல நெறஞ்சு வழியிறதுதாம்மா சிறுநீர்ல வரும். அது எறங்கினாத்தான் புண்ணு ஆறும். இல்லேன்னா மொதல்ல வெரல எடுக்கணும், அப்புறம் கால எடுக்கணும். கண்ணக்கூட விட்டுவெக்காது" என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒரு புட்டியில் நீலத் தண்ணியும் இரண்டு கண்ணாடிக் குழாய்களும் கொடுத்து, வீட்டிலேயே சோதிக்கச் சொல்லித்தந்தார். நீலத் தண்ணியில் சில சொட்டு சிறுநீரை விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. சர்க்கரை ஏற ஏறப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறத்தில் முடியும்.

அந்தக் குழாய் வந்த பிறகுதான் எனக்கு ஊர்க்காரர்களின் வாய் எவ்வளவு பெரிய பொய் வாய் என்று புரிந்தது. கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்றார்கள். எவ்வளவு என்று ஒருத்தராவது சொன்னார்களா? நல்லதுதானே என்று இவர் சொம்பு சொம்பாகக் கூழைக் குடித்தார். குழாய் ஆரஞ்சு. அதே மாவைக் கெட்டியாகக் களி கிண்டி, ஒரே ஒரு உருண்டையை முருங்கைக்கீரையோடு கொடுத்தேன். பச்சை. இட்லி ஆவியில் வெந்தது, காய்ச்சல்காரன்கூடச் சாப்பிடுவான் என்றார்கள். அடுக்கி வைத்துத் தின்றால் அதுவும் ஆரஞ்சுதான். ரேஷன் கோதுமையில் சப்பாத்தி போட்டால் எத்தனை தின்றாலும் ஒன்றும் ஆகாது என்று அடுத்த வீட்டு அம்மா அடித்துச் சொன்னாள். அன்றைக்குச் செங்கல். கம்பஞ்சோறு கொஞ்சமும் கொள்ளுத் துவையலும் கொடுத்த நாளில் மட்டும் நீலம் லேசாக எட்டிப் பார்த்தது. அன்றைக்கு நான் அழுதேவிட்டேன். புண்ணின் ஓரத்தில் புதுத் தோல் கட்ட ஆரம்பித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சென்னீர்குப்பத்திலிருந்து அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, வந்து இறங்கினாள். ஒரு கையில் அதிரசத் தூக்கு. வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"இன்னாடி இது, எந்தம்பி துரும்பா எளச்சிகினு கீறான்? கோழிக்கி போடற மாரி ஒரு உருண்டயா போடறே?"

"டாக்டர் சொன்னது அண்ணி."

"டாக்டரா அவன பெத்தான்? நான்டி தூக்கி வளத்தேன்!"

முந்தானையை அவிழ்த்து இலையை எடுத்தாள். நெமிலிச்சேரி ரயில் பாதை ஓரத்து வேலியில் பறித்ததாம். இவரை வாயில் போட்டு மெல்லச் சொன்னாள். மென்றார். பிறகு என் டப்பாவைத் திறந்து சர்க்கரையை அள்ளி அவர் நாக்கில் போட்டாள்.

"இன்னா மாரி கீதுடா?"

"மண்ணு மாரி கீதுக்கா! இனிப்பே இல்ல!"

"பாத்தியா? நாக்குலயே செத்துப்போச்சு. செத்துப்போனது எப்டிடா ரத்தத்துல ஏறும்? நானும் இத தெனம் மென்னுகினு அல்லாத்தையும்தான் துன்றேன். எனுக்கு இன்னா வந்துச்சு?"

அந்த இலை நாக்கைத்தான் ஏமாற்றும், கொஞ்ச நேரத்துக்கு. நாக்குக்குத் தெரியாவிட்டால் உடம்புக்கும் தெரியாது என்று அக்காவும் தம்பியும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள். தூக்கு அதிரசமும் காலி. மண் மாதிரி இருக்கிறதாம், ஆனாலும் தின்கிறாராம்!

"மண்ணுன்னா எதுக்குய்யா துன்றே?" என்று கத்தினேன்.

"வவுத்துக்கு தெரியுதுடி" என்றார், வெட்கமே இல்லாமல்.

குழாய் செங்கல். காட்டினேன். புட்டியில் கோளாறு என்றாள் அண்ணி. அதற்கப்புறம் வாரம் தவறாமல் வந்தாள். கொழுக்கட்டை, வெல்லப் பொங்கல், சோமாசி என்று ஏதாவது ஒன்று, கூடவே இலை. நான் களி கிண்டினால் தட்டைத் தள்ளி வைத்தார். நான் அவரைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கிறேன் என்று தெரு முழுக்கப் பேச்சு. இந்தப் பக்கம் கட்டைவிரல் கறுத்து, நாற்றம் எடுக்க ஆரம்பித்தது. அவளுக்கு மூக்குமா செத்துப்போயிற்று?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை முற்றிவிட்டது. அண்ணி எழுந்து நின்றாள்.

"இன்னிக்கி என்னுத ஊத்துடி. எனுக்கு ஒரு நோவும் இல்ல, ஊருக்கே தெரியும். எனுக்கும் செவப்பு வந்துச்சின்னா ஒம் புட்டி பொய்யி. ஒத்துக்கணும்!"

டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் வந்தாள். ஸ்டவ்வில் கொதிக்கவைத்தேன். பச்சையில் நிற்கவில்லை, மஞ்சளில் நிற்கவில்லை, நேராகச் செங்கல்.

கையைத் தட்டிச் சிரித்தாள் பாருங்கள்! "பாத்தியாடா! எனுக்கும் செவப்பு! எனுக்கு இன்னா சக்கரையா கீது? மருந்தே பொய்யிடா!"

இவரும் சிரித்தார். எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் புட்டியை நம்பியா இத்தனை மாதமாக அந்த மனுஷன் வாயைக் கட்டினேன்? பிறகுதான் உறைத்தது. நானும் டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். இன்னொரு குழாயில் என்னுடையதை விட்டுக் கொதிக்கவைத்தேன். கொதி கொதி என்று கொதித்தும் நீலம் நீலமாகவே நின்றது. இரண்டு குழாய்களையும் அவர் கையில் கொடுத்தேன்.

நீலத்தைப் பார்த்தார். செங்கலைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அக்கா... ஒனுக்கும் கீதுக்கா" என்றார்.

"வெல்லத்த கரச்சி ஊத்திட்டாடா இவ! வெளங்குவியாடி நீ?" என்று தூக்கைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போனாள். தெருக்கோடி வரைக்கும் அவள் சாபம் கேட்டது. அவர் இலை மூட்டையை எடுத்துப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டார். அன்றிலிருந்து நான் வைத்ததைத்தான் தின்றார். என்றாலும் கட்டைவிரலுக்குக் காலம் கடந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. தாங்கித் தாங்கி நடந்து கம்பெனிக்குப் போனார்.

அந்த விரலுக்காக அவளை நான் மன்னிக்கவே இல்லை. அவள் திரும்ப வரட்டும், செங்கல் நிறத்தை மூஞ்சிக்கு நேராகக் காட்டிக் கேட்கிற விதமாகக் கேட்கிறேன் என்று கறுவிக்கொண்டே இருந்தேன். எழுபதுகள் பிறந்த பிறகுதான் வந்தாள், அவர் வேலைக்குப் போயிருந்த நல்ல மத்தியானத்தில். கையில் தூக்கு இல்லை. வாசல் நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். திமிர் இறங்கிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். இடுப்பிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து நீட்டினாள்.

"என்னுதுதான். ஊத்திப் பாரு. தம்பிகிட்ட சொல்லாத."

வா என்றுகூடச் சொல்லாமல் வாங்கிக் கொதிக்கவைத்தேன். செங்கல், அதே செங்கல். குழாயை அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன். பார் உன் இலையின் லட்சணத்தை என்று கத்த வாயைத் திறந்தேன்.

அவள் கண்ணைச் சுருக்கினாள். முகத்தைக் குழாய்க்குக் கிட்டே கொண்டுவந்தாள். வாசல் கதவு திறந்துதான் இருந்தது, வெயில் அடுப்படி வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னா கலருடி அது?" என்றாள்.

நீட்டிய குழாயைக் கீழே இறக்கினேன். "செவப்பு, அண்ணி" என்றேன்.

தலையை ஆட்டினாள். புட்டி பொய் என்று சொல்லவில்லை. வெல்லத்தைக் கரைத்தாய் என்று சொல்லவில்லை. சொல்லேன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.