படத்தில் நனையாத வீடு

வீடு வீடாக ஏறி விவரம் கேட்கிற வேலையில் முதலில் குரைப்பது நாய், அடுத்தது வீட்டுக்காரர். கையில் காகிதத்தோடு அந்நியர் வாசலில் நின்றிருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர்கள் பாக்கியசாலிகள்.

தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு குழு கேரள எல்லையோரத்தில் உள்ள எங்கள் ஊரான பாறசாலைக்கு வந்தது. ஊரின் படத்தை ஊர்க்காரர்களே வரைய வேண்டும். எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று அவர்களே குறிக்க வேண்டும். நிலத்தின் மேடுபள்ளத்தைக் குழு அளந்து, இரண்டையும் கம்ப்யூட்டரில் சேர்க்கும். அதன்படி பஞ்சாயத்து மழைநீர் ஓடை வெட்டும். சுற்றுவட்டாரத்தில் காட்டாக்கடையிலும் கோட்டுகாலிலும் இதே வேலை நடந்துகொண்டிருந்தது.

மனைவி போனபின் என் வீட்டில் சத்தமே இல்லாமல் இருந்த காலம். தமிழும் மலையாளமும் எழுதுவேன் என்பதால் என்னை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்று கால்

அளக்கும் கருவிக்கு மூன்று கால் உண்டு. நெடுஞ்சாலை ஓரத்து ஊரில் அதை நட்டால் மக்களுக்கு ஒரே அர்த்தம்தான்: ரோட்டை அகலப்படுத்த நிலம் எடுக்கப்போகிறார்கள், காய்க்கிற மரத்துக்குத் தனியாக நஷ்டஈடு கிடைக்கும். ஓடைக்காக அளக்கிறோம் என்று தொண்டை வற்றச் சொன்னேன். மறுநாள் போனால், ஒரு பெரியவர் வாசலில் புதிதாகத் தென்னம்பிள்ளைகள் வரிசையாக நின்றன. வேரில் மண் இன்னும் ஈரம்.

"மக்கா, எழுதும்போ காய்க்கிற தெங்குன்னு எழுதணும், கேட்டியா."

பெரிய வீடு

பள்ளிக்கூட மைதானத்தில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொன்னார் குழுத் தலைவி ஸ்ரீலதா டீச்சர். மளிகைக்கடைக்காரர் ஒருவர் தன் வீட்டை ரயில் நிலையத்தைவிடப் பெரிதாக வரைந்தார். தண்டவாளம் அவர் கிணற்றடியைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. அளவு சரியில்லையே என்று டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஸ்டேஷன்ல ராத்திரி யாரு கெடந்து ஒறங்குதா? எங்க வீட்டுல பத்துப் பேரு உண்டு, டீச்சரே."

ஒரு சொட்டு

சந்தைக்குப் பின்னால் உள்ள பள்ளமான சந்தில் தங்கம்மை குடியிருந்தார். எனக்கு அடுத்த தெரு. மழை வந்தால் சந்தைத் தண்ணீர் முழுவதும் அவர் அடுக்களை வழியாகத்தான் போகும். நான் போனபோது கோடைகாலம். அப்போதும் அடுப்பு பெஞ்சின் மேல்தான் இருந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பாசி படிந்த கறை.

"தண்ணீர் தேங்குமா?" என்று கேட்டேன். "ஒரு சொட்டு நிக்காது" என்றார். நான் அடுப்பைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். சந்தில் தண்ணீர் இல்லையென்றால் ஓடை மேல்தெரு வழியாகப் போய்விடும், அப்புறம் ஆயுளுக்கும் அடுப்பு பெஞ்சில்தான் என்றேன். வீட்டுக்காரர் சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது குழுவின் விதி. எழுதினேன். வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, நீங்க படத்த வாசகசாலைல தொங்கப் போடுவிய. எம் மவளுக்குப் பையன் பாக்குற தரகன் அங்கயாக்கும் பேப்பர் படிக்கான்."

அசுகம்

பஞ்சாயத்து அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இருந்த அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. மேடுபள்ளக் கணக்கைக் கொடுத்ததும் அது தங்கம்மை குடியிருந்த சந்து முழுவதையும் குளம்போல நீலமாகக் காட்டியது. ஊர்க்காரர்கள் வரைந்த படத்தில் அதே சந்து காய்ந்து கிடந்தது. தங்கம்மையைப் பார்த்து, கல்யாண வயதில் மகள் இருந்த மற்ற வீட்டுக்காரர்களும் தண்ணீரே இல்லை என்று சொல்லியிருந்தார்கள்.

டீச்சர் மறுபடி அளந்தார். மறுபடியும் நீலம். மக்கள் சொன்னதே முடிவு, மெஷினுக்கு ஏதோ அசுகம் என்று மேல்தெரு வழியாக ஓடையைக் குறிக்கப் போனார். ஜூனில் வரும் இடவப்பாதி மழை வரைக்கும் பொறுத்தால் மெஷினுக்குக் குணமாகலாம் என்றேன். காரணம் கேட்டார், மழையே சொல்லும் என்றேன். என்னை உற்றுப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"சரி, பொறுக்கலாம். ஆனா மழையில மெஷின் நனையக்கூடாது, கேட்டோ."

நிச்சயம்

கோட்டுகாலிலிருந்து பையன் வீட்டார் நிச்சயத்துக்கு வந்த அன்று மழையும் வந்தது. பக்கத்துத் தெருக்காரன் என்று எனக்கும் அழைப்பு. இலை போட்டு முடிப்பதற்குள் தண்ணீர் அடுக்களையைத் தாண்டி உள்ளே வந்தது. தங்கம்மை கரண்டியோடு அசையாமல் நின்றார். மகள் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். பையனின் அப்பா நிதானமாக வேட்டியை மடித்துக் கட்டி, கால்களை பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். பழகின கால்கள்.

"படத்துல ஒங்க வீடு காஞ்சு கெடக்குன்னு தரகன் சொன்னான். கோட்டுகால் படத்துல எங்க வீடும் காஞ்சுதான் கெடக்கு. அந்தப் பாயசப் பானையப் பிடியுங்க, மெதந்து போவுது."

திருத்தம்

மறுநாள் காலை கம்ப்யூட்டர் அறை வாசலில் தங்கம்மை நின்றார், செருப்பைக் கழற்றிவிட்டு. அவருக்குப் பின்னால் சந்துக்காரர்கள் சிலர். நீலப் பென்சிலை எடுத்தேன். எவ்வளவு தண்ணீர் என்று டீச்சர் கேட்டார்.

"முட்டளவு. கல்யாணத்துக்குத் தேதி குறிச்சாச்சு, இனி உள்ளதச் சொல்லுததுக்கு என்ன?"

ஓடை அந்தச் சந்து வழியாகத்தான் வெட்டப்பட்டது. ஊரைச் சீராக்க வந்த விஞ்ஞானம் எங்கள் பக்கத்தில் ஒரு நிச்சயம் முடியும்வரை வாசலில் காத்து நின்றது, அவ்வளவுதான்.