காற்றுக்குப் பயந்த கோழிக்காரி

கோழிக்கொட்டகைக்குள் நுழைந்ததும் ராதோய்க்கா முதலில் மண்டியிடுகிறாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். கோழி மூச்சுவிடும் உயரத்துக்குத் தன் மூக்கைக் கொண்டுபோகிறாள். கண் எரியவில்லையென்றால், தரையில் பரப்பிய மரத்தூளை ஒரு பிடி அள்ளி இறுக்குவாள். உருண்டை பிடித்தால் ஈரம். "உதிருது! நல்ல புள்ளைங்க" என்று கோழிகளை மெச்சிவிட்டு, கூரையடிக் காற்றுவழியைத் திறக்கும் கயிற்றை இழுப்பாள். இத்தனையும் கழுத்தில் இரண்டு சுற்றுக் கம்பளித் துணியோடு. கோடையிலும் அதைக் கழற்ற மாட்டாள்.

ஷுமாதியா வட்டாரத்தில் ஓநாய்க்குப் பயப்படாதவன் உண்டு, புரொமாயாவுக்குப் பயப்படாதவன் கிடையாது. எதிரெதிர்ச் சன்னல்கள் திறந்திருந்தால் குறுக்கே ஓடுமே ஒரு காற்று, அதுதான். கழுத்துப் பிடிப்பு, பல்வலி, மருமகளின் முகச்சுளிப்பு எல்லாவற்றுக்கும் பழி அதன்மேல்தான். பேருந்தில் யாராவது சன்னலைத் திறந்தால் ராதோய்க்கா எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வருவாள். "சாகணும்னா உன் வீட்ல போய் சாவுப்பா, எங்களையும் ஏன் கூட்டிட்டுப் போற?"

புரொமாயா பட்டுவிடக் கூடாதே என்ற பாசத்தால்தான் போன குளிர்காலம் கோழிகளையே கொல்லப் பார்த்தாள். சன்னல் இடுக்கில் பழந்துணி, காற்றுவழியில் சாக்கு. எச்சத்தின் நெடி வெளியேற வழியில்லை. கோழிகளின் கண்கள் நீர் வடிந்து ஒட்டிக்கொண்டன. காலையில் விறைத்துக் கிடந்தவை நாளுக்கு நாள் கூடின. சளி பிடித்துவிட்டது என்று இன்னும் இறுக அடைத்தாள். கணவர் மிலோயே கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த பேட்ச்சும் போச்சுன்னா கொட்டகைக்குப் பூட்டுதான். வியன்னாவுல மகன்கிட்ட போயிடலாம்." கோழியில்லாமல், மாடி வீட்டில், யாரோடு பேசுவது? அவளுக்கு அதே கவலை.

கூட்டுறவுச் சங்கத்தில் கோழி வளர்ப்போருக்குப் பயிற்சி என்றதும் சண்டை போடத்தான் போனாள். "பல்லு முளைச்ச நாள்லேருந்து கோழி மேய்க்கிறேன், எனக்கே பாடமா?" பாடம் நடத்திய கால்நடை மருத்துவர் நேவேனாவுக்கு மகள் வயதுதான். அவள் வாதாடவில்லை. மறுநாள் கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

"அத்தை, கொஞ்சம் கீழ குனிஞ்சு மூச்சு விடுங்க."

குனிந்த ராதோய்க்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

"ஐயோ, இத்தனை நாளா நின்னுகிட்டே கோழி வளர்த்திருக்கேனே!"

"கூரையடியில இருக்கிற சாக்கை எடுங்க அத்தை. நெடி போயிடும். குளிர்காத்து நேரா கோழிமேல படாது."

"புரொமாயா அடிச்சா?"

"அடிச்சா வந்து என்னை அடிங்க."

மிஞ்சிய கோழிகள் பிழைத்தன. மிலோயே வாங்கிவந்த பூட்டு ஆணியில் சும்மா தொங்குகிறது. தேவாலயத்தில் ராதோய்க்கா ஏற்றும் மெழுகுவர்த்திகளில் இப்போது ஒன்று நேவேனாவுக்கு. "ரெண்டு உசுரு குடுத்தா மகராசி. கோழிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று முட்டை வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். வீட்டுச் சன்னல் மட்டும் இன்னும் சாத்தியேதான் கிடக்கிறது. "நமக்கென்ன றெக்கையா இருக்கு, போத்திக்க?"

சென்ற வாரம் நேவேனா கொட்டகையைப் பார்க்க வந்தாள். ஈரத்தலை, திறந்த கழுத்து. ராதோய்க்கா கன்னத்தில் மூன்று முத்தம் வைத்து உள்ளே அழைத்துப் போனாள். கயிற்றைப் பிடித்தவள், என்னவோ நினைத்துக்கொண்டு விட்டுவிட்டாள். தன் கம்பளித் துணியைக் கழற்றினாள். நேவேனாவின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சை இறுக்கினாள். பிறகு தன் வெறுங்கழுத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறு கையால் கயிற்றை இழுத்தாள்.