பெயர் அதேதான், ஆட்கள்தான் வேறு

பிள்ளைகள், அந்த அமெரிக்க இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு நீங்கள் இரண்டு பேரும் டிக்கெட் எடுத்துவிட்டீர்கள் என்று அம்மா சொன்னார். போங்கள், நான் மறிக்கவில்லை. பெரியவள் அவர்களுடைய பாட்டைக் காதுக்குள் செருகிக்கொண்டுதான் பல்கலைக்கழகத்துக்கு ரயில் ஏறுகிறாள். சின்னவன் அவர்களுடைய பெயர் போட்ட கறுப்புச் சட்டையைத் துவைக்கவும் தருவதில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில், "அப்பா, உங்களுக்கு அவையளை நேரிலை தெரியுமாம். எப்பிடிப்பட்ட ஆக்கள்?" என்று கேட்டீர்கள். "நல்ல ஆக்கள்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னவனுக்குத் தமிழ் வாசிக்கக் கஷ்டம். பெரியவள் வாசித்துக் காட்டட்டும்.

டோர்ட்மண்டில் பழைய இரும்பு ஆலைக் கட்டடம் ஒன்றை இசை மண்டபமாக்கியிருந்தார்கள். அதன் கீழ்த்தளத்தில், மேடைக்கு நேர் கீழே, குசினி. நீங்கள் பிறக்கிறதுக்கு முன்னமே எனக்கு அங்கே வேலை. மேடையில் ஏறுகிறவர்களுக்கும் அவர்களோடு வருகிற வேலையாட்களுக்கும் சமைப்பது. என்னோடு தட்டுக் கழுவ பருத்தித்துறைப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். ஜெர்மனிக்கு வந்து எத்தனை வருடமாகியும் டொச் மொழியில் அவருக்கு நன்றாகத் தெரிந்த சொல் 'எஸ்ஸன்', சாப்பாடு, அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டே முழு மண்டபத்தையும் ஆண்டார். மற்றதெல்லாம் தமிழ். வருகிறவன் அமெரிக்கனோ, சுவீடன்காரனோ, அவருக்குக் கவலை இல்லை.

அந்தத் தொழிலில் ஒரு ஒழுங்கு உண்டு. வாசிக்கிறவர்களுக்கு உள்ளறை: துணி விரித்த மேசை, பீங்கான் தட்டு. பெட்டி தூக்குகிறவர்கள், வயர் பூட்டுகிறவர்கள், பஸ் ஓட்டுகிறவர் எல்லாருக்கும் வெளியே நடையில் நீள மேசை, காகிதத் தட்டு. யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் குழு முதல் முறை வந்தபோது பஸ் கூட இல்லை, ஒரு பழைய வான் வண்டியில் வந்தார்கள். நான்கு பேர், நான்கும் ஒரே பள்ளிக்கூடத்துப் பெடியள். பாடுகிறவர், கிட்டார்காரர், பேஸ் கிட்டார்காரர், டிரம்ஸ்காரர். கிட்டார்காரர் கறிக்குள் இருந்த வெங்காயம் முழுவதையும் பொறுக்கித் தட்டின் விளிம்பில் அடுக்குவார். பேஸ் கிட்டார்காரர் உருளைக்கிழங்கு இல்லாமல் சாப்பிடமாட்டார். டிரம்ஸ்காரர் பெரிய உடம்பு, சிவந்த தாடி. அவர்களுக்கு நான் மக்கரோனி அவித்து வைத்திருந்தேன். எங்களுக்கென்று அக்கா ஒரு மூலையில் மீன்குழம்பு வைத்திருந்தார். மணத்துக்குக் குசினி வாசலில் வந்து நின்றவர் டிரம்ஸ்காரர்தான்.

"தம்பி, உவன் பசியிலை வந்து நிக்கிறான். ஒரு தட்டு போட்டுக் குடு," என்றார் அக்கா.

"அக்கா, உறைப்புத் தாங்கமாட்டார்."

"தாங்காட்டி அழட்டும். தண்ணி குடுப்பம்."

அவர் அழுதார். அழுது அழுது இரண்டாவது தட்டும் கேட்டார். எங்களைப் பார்த்து, கையால் பிசைந்து சாப்பிடவும் பழகினார். அன்று தொடங்கி அவர் எந்த வருடம் வந்தாலும் முதலில் குசினிக்குத்தான் வருவார். நானும் அவரும் உடைந்த ஆங்கிலத்தில் கதைப்போம். அதை இங்கே எங்கடை தமிழில் எழுதுகிறேன், அப்போதுதான் எனக்கு அவருடைய குரல் கேட்கிறது.

அடுத்த முறை வரும்போது அவர்களுடைய ஒரு பாட்டு எல்லா வானொலியிலும் போய்க்கொண்டிருந்தது. பஸ் வந்தது. வேலையாட்கள் வந்தார்கள். வெங்காயம் பொறுக்குகிறவர் வரவில்லை. அவருடைய கதிரையில் வேறொருவர் இருந்து, தான் கொண்டுவந்த கடலைக்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதற்கு டிரம்ஸ்காரர் சொன்னார், "அந்தப் பாட்டை ஆர் செய்தது எண்டு சண்டை. கிட்டார்காரன் தான்தான் எண்டான், பாடுறவன் தான்தான் எண்டான்."

"உண்மையிலை ஆர்?"

"கிட்டார்காரன்தான். ஆனா பாடுறவன் இல்லாட்டி அதை ஆர் கேட்டிருப்பினம்?"

பிறகு பேஸ் கிட்டார்காரர் போனார். குழந்தை பிறந்ததாம், மனைவி மறித்தாவாம். அந்த இடத்துக்கு ஒரு பெண் வந்தார். இரண்டு முறை வந்தார், பிறகு அவரும் இல்லை. மேடைக்குக் கீழே கேட்கிற எனக்குப் பாட்டுகள் அதே பாட்டுகள்தான். மேலே சனம் போடுகிற சத்தம் மட்டும் முறைக்கு முறை பெருத்துக்கொண்டு வந்தது. முதல் நான்கு பேரில் மிஞ்சியவர்கள் பாடகரும் டிரம்ஸ்காரரும்தான். குழுவுக்குப் பெயர் வைத்தவர் டிரம்ஸ்காரர். ஆனால் அந்தப் பெயர் சட்டப்படி பதிந்திருந்தது பாடகர் பேரில். "அப்ப எங்களுக்குப் பத்தொன்பது வயசு. ஆர் அதெல்லாம் பார்த்தது?" என்று டிரம்ஸ்காரர் சிரிப்பார்.

ஒருமுறை குசினியில் நின்று தண்ணீர் குடிக்கும்போது அவர் கையில் இருந்த கிளாஸ் நழுவி விழுந்து உடைந்தது. வலது கை. குனிந்து கண்ணாடி பொறுக்கப் போனவர், பொறுக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் சொன்னார். சில நேரம் விரல்கள் மரத்துப்போகிறதாம். டொக்டர் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டாராம், ஓய்வெடுத்தாலும் திரும்பி வருமென்று சொல்ல ஏலாதாம்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. எனக்கு வீடு இல்லை, வேறை தொழில் தெரியாது. அந்த டிரம்ஸ் கதிரையை விட்டா எனக்கு இருக்க வேறை இடம் இல்லை."

நான் யாருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்குக் கூட.

கடைசியாக அவர் வந்தது ஒரு கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமை. முதல் பார்வையிலேயே கை மோசமாகிவிட்டது தெரிந்தது. கதவை இடது கையால் திறந்தார். வேலையாட்களோடு புதிதாக ஒருவர் வந்திருந்தார். முப்பது வயது சொல்லலாம், அமைதியான மனிதர். டிரம்ஸ் பூட்டிக் கழற்றுகிற வேலைக்கு வந்தவர் என்றார்கள். சாப்பாட்டு நேரம் நடையில் இருந்த மேசை நிரம்பிவிட்டது. அவர் காகிதத் தட்டோடு சுவரில் சாய்ந்து நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா கண்டுவிட்டார்.

"என்ன ராசா, நிண்டுகொண்டு தின்னுறீர்? உம்மை ஆர் பிச்சைக்குக் கூப்பிட்டது? வாரும், வாரும். எஸ்ஸன், எஸ்ஸன்!"

"அக்கா, விடுங்கோ. அவர் வேலையாள். உள்ளறை வாசிக்கிறவைக்கு."

"வேலையாள் எண்டா இருந்து தின்னக் கூடாதோ? எங்கடை சபையிலை ஒருத்தனை நிக்க வைச்சிட்டு மற்றவை இருந்து சாப்பிடுவினமோ? நீ போய் உன்ரை அடுப்பைப் பார்."

சட்டைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த மனிதர் வேண்டாம் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, உள்ளறையில் வெறுமனே இருந்த கதிரையில், டிரம்ஸ்காரருக்குப் பக்கத்தில், இருத்திவிட்டார். பீங்கான் தட்டு வைத்து இரண்டு அகப்பை சோறும் போட்டார். நான் கறிச்சட்டியோடு வாசலில் நின்றேன். பாடகரின் முள்ளுக்கரண்டி பாதியில் நின்றுவிட்டது.

டிரம்ஸ்காரருக்கு அது பிடித்தது. புது ஆளின் முதுகில் தட்டினார். "டிரம்ஸ் பூட்டுறது மட்டுமோ, அடிக்கவும் தெரியுமோ?"

"கொஞ்சம் அடிப்பன்."

"எங்கடை பாட்டு ஏதாவது?"

அவர் பாடகரைப் பார்த்தார். பாடகர் தட்டைப் பார்த்தார். புது ஆள் பொய் சொல்லத் தெரியாத மனிதர் போல. "எல்லாம் தெரியும்," என்றார்.

"எல்லாமோ? புதுசுகளுமோ?"

"போன மாசம் முழுக்க இவரோடை ஒத்திகை பார்த்தன்," என்று பாடகரைக் காட்டினார்.

பாடகர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். மெல்லச் சொன்னார், "பயணம் முடியச் சொல்லலாம் எண்டு இருந்தனான். உன்ரை கை ஏலாமல் போறதை நான் கண்டு கன நாள்."

டிரம்ஸ்காரர் கோபிப்பார் என்று நினைத்தேன். "அந்தத் தண்ணியை இஞ்சாலை தள்ளு," என்றார். தள்ளினார்கள். குடித்தார்.

குசினிக்குத் திரும்பியதும் அக்கா கேட்டார், "என்ன, செத்தவீடு மாதிரி இருக்கினம்? உறைப்புக் கூடிப்போச்சோ?"

நான் விசயத்தைச் சொன்னேன். அக்கா கையில் இருந்த துணியைத் தண்ணீர் இல்லாத வரைக்கும் பிழிந்தார்.

"நான் அவனைக் கொண்டுபோய் இருத்தியிருக்காட்டி?"

"இருத்தியிருக்காட்டியும் இதுதான் அக்கா. ரெண்டு கிழமை பிந்தியிருக்கும்."

அன்று மாலையும் டிரம்ஸ்காரர்தான் மேடை ஏறினார். எனக்குத் தலைக்கு மேலே அவருடைய அடி கேட்டது. அதை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்லுவேன், கொஞ்சம் அவசரப்படுகிற அடி. நான் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டேன். நிகழ்ச்சி முடியும் தறுவாயில் ஒரு அடி விழவில்லை. பிறகு இன்னொன்று. பிறகு ஒன்றுமே இல்லை, கிட்டார் மட்டும் ஓடியது. நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். அடி திரும்பத் தொடங்கியது. சுத்தமான அடி. மணிக்கூடு மாதிரி. அது அவர் இல்லை.

சனத்தின் சத்தம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

டிரம்ஸ்காரர் படியால் இறங்கி வந்தார். வெயில் இன்னும் ஜன்னலில் இருந்தது. வெங்காயப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது, விரல்கள் அரைவாசி மடிந்தபடி.

"ஒருத்தரும் பார்க்கேல்லை," என்றார். "நான் எழும்பினன், அவன் அந்தக் கதிரையிலை இருந்தான். பாட்டு நிக்கேல்லை."

அக்கா என்னைப் பார்த்தார். "என்னவாம்?"

"முடிஞ்சுதாம், அக்கா."

அக்கா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார், தன்னிடம் இருந்த அந்த ஒரு டொச் சொல்லையும் சொல்லாமல்.

நான் சோறும் மீன்குழம்பும் போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? அவர் வலது கையால் பிசையப் பார்த்தார். சோறு விரலுக்கிடையால் கொட்டியது. இடது கையால் ஒரு வாய் எடுத்தார். மேலே அடி போய்க்கொண்டிருந்தது. "கேக்குதோ? நான் எப்பவும் வேகத்தைக் கூட்டிப்போடுவன். அவன் கூட்டேல்லை. இந்தப் பாட்டு இப்பிடித்தான் இருந்திருக்க வேணும்." தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

"இனி எப்பிடிப் போவியள்?" என்று கேட்டேன்.

"பிளேன் ஹம்பேர்க்கிலை இருந்து. அதுவரைக்கும் பஸ்ஸிலைதான்."

"அவையளோடையோ?"

"வேறை எதிலை போறது?"

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவர் தந்த தொலைபேசி இலக்கத்துக்கு இரண்டு முறை எடுத்தேன். முதல் முறை ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை என்றார், பின்னால் இயந்திரச் சத்தம், அதிகம் கதைக்க ஏலவில்லை. இரண்டாம் முறை அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. வேறு வழியில் தேட எனக்குத் தெரியவில்லை. பெரியவளைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கண்டுபிடித்தாலும் என்ன சொல்லப் போகிறேன்? மண்டபத்துக் குசினியையும் பிறகு மூடிவிட்டார்கள், இப்போது சாப்பாடு பெட்டியில் வருகிறதாம்.

நீங்கள் பார்க்கப்போவது நல்ல குழு, பிள்ளைகள். அன்று நின்று சாப்பிட்டவர்தான் பாடகருக்கு அடுத்த பழைய ஆள். மற்றவர்கள் எனக்குத் தெரியாதவர்கள். இப்போதுதான் முன்னையைவிட நன்றாக வாசிக்கிறார்கள், நானும் கேட்டுப் பார்த்தேன். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. யாரையாவது குற்றம் சொல்ல முடிந்தால் மனம் ஆறும். பாடகர் கள்ளன் இல்லை. வந்தவர் நல்லவர். கை வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். ஒருவன் தன்னுடைய முழு வயதையும் கொடுத்த இடம் அவன் எழும்பின சூடு ஆறுமுன் நிரம்பிவிடுகிறது, பாட்டும் திருத்தமாகிவிடுகிறது. இதில் உங்களுக்குச் சொல்லப் புத்திமதி ஒன்றும் என்னிடம் இல்லை.

அன்று பஸ் புறப்படும்போது நான் வாசலில் நின்றேன். அவர் கடைசி ஆளாக ஏறினார், பையை இடது கையில் பிடித்தபடி. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது, அவர் ஏறியதும் நின்றுவிட்டது. கதவு மூடியது.

அக்கா டிராம் பிடிக்கப் போய்விட்டார். நான் குசினிக்கு இறங்கினேன். டிரம்ஸ்காரருடைய தட்டு வெங்காயப் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தது, ஒரு வாய் குறைந்த சோற்றோடு. எடுத்துக்கொண்டு குப்பை வாளி வரைக்கும் போனேன். மூடியையும் திறந்தேன். பிறகு மூடிவிட்டுக் கை கழுவிக்கொண்டு, அந்தப் பெட்டியின்மேல் இருந்துகொண்டு, அவர் கை வைத்த இடத்தில் கை வைத்துப் பிசைந்து, ஆறிப்போன அந்தச் சோற்றைத் தின்று முடித்தேன்.