உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் துட்டி

தொண்ணூற்றாறாம் வருஷம், தேரோட்டம் முடிந்த மறுவாரம் நடந்தது இது. எங்கள் வீடு திருநெல்வேலி டவுணில். நான் பள்ளிக்கூட டீச்சர்.

மூத்த பிள்ளையை மகன் என்றே வளர்த்தோம். பத்தொன்பது வயதில், தான் பெண் என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுப் போய்விட்டாள். மெட்ராஸில் வேலை என்று தெருவில் சொல்லிவைத்தோம். மூன்று வருஷம் கழித்து என் பள்ளிக்கூட முகவரிக்கு அவளிடமிருந்து கடிதம் வந்தது. அவள் இருக்கிற ஊரில் ரேஷன் கார்டு இல்லாமல் யாரும் வாடகைக்கு வீடு தருவதில்லையாம். நம் கார்டில் தன் பெயரை நீக்கி, ஊர் மாறிவிட்டதாகச் சான்று வாங்கி அனுப்பினால்தான் அங்கே கார்டு கேட்க முடியும் என்று எழுதியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, வீட்டுக்காரரிடம் சொல்லாமல் தாலுகா அலுவலகம் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரி வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் கடிதத்தைப் பைக்குள் திணித்தேன்.

"யாரு பேர எடுக்கணும்?" என்றார் குமாஸ்தா.

மெதுவாகச் சொன்னேன்.

"என்ன காரணம்? கல்யாணமா, வெளியூரா?"

வெளியூர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என்ன வேலை, யாரோடு இருக்கிறான் என்று அடுத்துக் கேட்பாரே, பின்னால் நிற்பவள் காதில் விழுமே என்ற பயத்தில் நாக்கு எழவில்லை. கண் நிறைந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். குரல் தணிந்தது.

"பிள்ள தவறிட்டானாம்மா?"

தலையைக் குனிந்தேன்.

"சர்டிபிகேட்டைப் பெறகு கொண்டாங்க. இப்பம் அங்கன உக்காருங்க" என்று சிவப்பு மையில் பெயரை அடித்தார். எதிர்வீட்டுக்காரி என்னைக் கட்டிக்கொண்டாள்.

"யக்கா, பெத்த வயிறு எப்படித் தாங்குச்சு? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

மாலையே தெருப் பெண்கள் துட்டி கேட்க வந்துவிட்டார்கள். சாவு வீட்டில் ஆறுதல் சொல்லப் போவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஒருத்தி காப்பி கொண்டுவந்தாள். இன்னொருத்தி, "அங்கனயே எரிச்சிட்டாங்களா, பதினாறு எப்பம்?" என்று கேட்டாள். நான் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. மூன்று வருஷமாக யார் முன்னாலும் அழ முடியாமல் இருந்தவள் நான்.

வீட்டுக்காரர் வந்தார். எல்லோரும் போனதும் தாலுகா அலுவலகத்தில் நடந்ததை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்படியே இருந்துட்டுப் போட்டும். இனி எவனும் கேக்க மாட்டான்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிம்மதியாகச் சொன்னார். அன்று இருந்ததுபோல் நான் என்றுமே தனியாக இருந்ததில்லை.

திங்கட்கிழமை மறுபடி போனேன். இறப்புச் சான்றிதழுக்காகக் குமாஸ்தா கையை நீட்டினார்.

"பிள்ளை உயிரோட இருக்கா சார். பொண்ணா இருக்கா" என்றேன்.

பேனாவை மூடி வைத்தார். "உயிரோட இருக்கிற பிள்ளைக்கா தலையக் குனிஞ்சியளாம்மா?"

பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளி, "நடந்ததை உங்க கைப்பட எழுதித் தாங்க" என்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, 'என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள்' என்று எழுதினேன். பழைய பெயரையும், அதன் பக்கத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயரையும் முதல்முறையாக எழுதினேன். கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினேன்.

"புதுப் பேரச் சான்றுல எழுத எனக்கு அதிகாரமில்லம்மா" என்றவர், பழைய பெயரிலேயே ஊர் மாறிய சான்றை எழுதி, என் மனுவின் நகலில் மட்டும் அலுவலக முத்திரை வைத்துக் கொடுத்தார். சான்றையும் நகலையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நகலை அங்கே ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய பெயரில், ஆண் என்றுதான் கார்டு கிடைத்தது. வீடு மட்டும் அமைந்தது. இப்போது ஒவ்வொரு கடிதத்திலும், ஒருநாள் ஊருக்கு வந்து பார்க்கட்டுமா என்று கேட்கிறாள். துட்டி கேட்க வந்தவர்கள் யாரிடமும் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லும் நாள்வரை, என் மகளுக்கு இந்த வீட்டு வாசலை அடைத்து வைத்திருப்பவள் நான்தான்.