பழைய வாசர்

காரின் ஒயில் ஃபில்டரைக் கழற்றியதும் சூடான கறுப்பு ஒயில் மணிக்கட்டில் வழிந்தது. அந்த மணம் மூக்கில் பட்டால் எனக்கு ஒன்பது வயதாகிவிடும்.

எங்கள் ஊரான கப்பல்துறையில் அப்பா தன் டீசல் காருக்குத் தானே ஃபில்டர் மாற்றுவார். ஒருநாள் பழைய ஃபில்டரின் வாசர், அந்த இறப்பர் வளையம், எஞ்சினிலேயே ஒட்டிக்கிடந்ததைக் கவனிக்காமல் புதியதை அதன்மேல் பூட்டிவிட்டார். இரண்டு வாசருக்கும் நடுவே கசிந்த ஒயில், அவர் கண்டி வீதியால் கடைக்குப் போய்வந்த வழியெல்லாம் சொட்டியது.

அன்று பின்னேரம் அதே வீதியில் கண்ணிவெடி வெடித்தது. ஆமிக்காரர் வெடித்த இடத்தருகே கிடந்த அந்தச் சொட்டுகளைப் பின்தொடர்ந்து எங்கள் படலைக்கு வந்தார்கள்.

"இது யார் ஒயில்?" என்றான் ஒருவன்.

"எங்கட கார்தான்," என்றேன் நான் முந்திக்கொண்டு.

துவக்குப் பிடியால் அப்பாவின் வாயில் அடித்தார்கள். விழுந்தவரைச் சப்பாத்துக் காலால் மிதித்து, ட்ரக்கில் தூக்கி எறிந்தார்கள். முற்றத்தில் ஒயிலும் இரத்தமும் ஒரே கறுப்பாய்க் கிடந்தன.

ஏழாம் நாள் திரும்பியவருக்கு முன்பற்கள் இல்லை. "நீ சொன்னதாலை இல்லை பிள்ளை. நான்தான் பழைய வாசரைப் பாக்காமல் விட்டனான்," என்றார்.

இப்போது எஞ்சினில் ஃபில்டர் பொருந்தும் இடத்தை விரலால் இரண்டுமுறை தடவிப் பார்த்தேன். வாசர் ஒட்டியிருக்கவில்லை. புதியதைப் பூட்டி, அடியில் கடதாசி விரித்தேன். ஒரு சொட்டும் விழவில்லை.

ஆனாலும் வாளியும் சவர்க்காரத் தூளும் எடுத்துக்கொண்டு வீதியைக் கழுவப் போனேன்.